எண், எழுத்து, பேச்சு – அறிஞர் நரசிம்மன் வாழ்க்கை

பெரியோர் வரலாற்றைப் படிப்பதனால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. பிறந்த ஆண்டும் பெற்ற பட்டமும் தேர்வுக்கு உதவலாம். வாழ்வுக்கு உதவுமா என்பது அவர்தம் ஐயம். எனக்கும் அவ்வையம் நெடுநாள் இருந்தது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில்தான் அது நீங்கிற்று. நீக்கியவர் நான் ஒருநாளும் கண்ணால் காணாத ஒருவர். அவர் மறைந்தபோது நான் ஐந்து வயதுச் சிறுவன். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மணலில் அகரம் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். அவர்தாம் பேராசிரியர் ரங்கசாமி நரசிம்மன். இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் முழுக் கணினியை உருவாக்கிய குழுவை நடத்திச் சென்றவர் அவர். அக்கணினி பிறந்ததோ நாம் வாழும் இதே மும்பை மாநகரில். ஆனால் நம் மாணவருள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை. ஆகவேதான் நம் மன்ற மலருக்கு இவ்வரலாற்றை எழுத முன்வந்தேன்.

என் கதையைச் சிறிது சொல்லித்தான் அவர் கதைக்கு வரவேண்டும், வாசகர் பொறுத்தருள்க.

எனக்குப் பத்து வயதாகும்போது எங்கள் குடும்பம் தாராவிக்கு வந்தது. தந்தையார் தோல் பட்டறையில் வேலை செய்கிறார். அன்னையார் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பவர். நான் தமிழ் வழியில் தொடங்கி, ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி, இயற்பியல் முதுகலை வகுப்புவரை வந்துவிட்டேன். அங்கே என்னை மறித்து நின்றது கணினி நிரலாக்கம். ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் மழைபோல் ஆங்கிலத்தில் பொழிந்தார். சொற்கள் என் ஏட்டில் விழுந்தன. பொருள் என் நெஞ்சில் விழவில்லை. ஒருநாள் துணிந்து எழுந்து ஐயம் கேட்டேன். கேட்ட ஆங்கிலம் பிழையாயிருந்தது போலும், வகுப்பே சிரித்தது. அன்றிரவு வீட்டுக்கு வந்து, படிப்பை விட்டுவிட்டு உறவினர் கடையில் வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கணினி என்பது நம்மவர்க்கு உரியதன்று, அது வேறு யாருடைய வீட்டுச் சொத்தோ என்ற எண்ணம் எனக்குள் ஆழப் பதிந்துவிட்டது.

நான் மாலை வேளையில் மாட்டுங்காவில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். அப்பிள்ளையின் தாத்தா எண்பது வயதைக் கடந்தவர். என் வாடிய முகத்தைக் கண்டு காரணம் கேட்டார், சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அதனுள் ஏடு பிரிக்கும் அடையாளமாக ஒரு கனத்த அட்டை இருந்தது. அதில் நீள்சதுரத் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. அறுபதுகளின் பிற்பகுதியில் தாம் மாணவராயிருந்தபோது இத்தகைய அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் கொலாபாவுக்குச் சுமந்து சென்றதையும், ஓரட்டை வரிசை மாறினாலும் விடை பிழைத்துப் போனதையும் சொன்னார். அந்தக் கொலாபாக் கணினிக் கூடத்தின் தலைவர் யார் தெரியுமா, அவர் நம் சென்னையில் பிறந்தவர் என்று கூறி நரசிம்மன் பெயரை முதன்முதல் என் செவியில் இட்டவர் அப்பெரியவரே. அதன்பின் நூலகங்களில் தேடிப் படித்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கிண்டியிலிருந்து கொலாபாவுக்கு

நரசிம்மன் 1926ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்பு பயின்று 1947ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் கல்லூரியை விட்டு வெளியே வந்த இளைஞர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டமும், இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். பொறியியலார் ஒருவர் கணிதத்தின்பால் திரும்பியது வியப்பன்று. கணினி என்னும் கருவியே அவ்விரண்டும் கைகோத்துப் பெற்ற குழந்தையன்றோ?

அக்காலத்தில் அமெரிக்காவில் கணினித்துறை புதிதாக முளைவிட்டுக்கொண்டிருந்தது. அத்தகைய இளைஞர்க்கு அங்கே வேலைக்குப் பஞ்சமிராது. ஆயினும் 1954ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். டாக்டர் ஹோமி பாபா பம்பாயில் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அணுவியலுக்கு மாபெருங் கணக்குகள் வேண்டும். அக்கணக்குகளுக்குக் கணினி வேண்டும். அதை விலைக்கு வாங்குவதோடு நில்லாமல் கட்டவும் கற்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் துணிவு. அப்போது இந்தியாவில் கணினி என்று சொல்லத்தக்கது ஒன்றே. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955இல் இங்கிலாந்திலிருந்து தருவித்த பொறி அது.

எண்ணின் காலம்

பம்பாய்க் குழுவினர் சிலரே. அவருள் பெரும்பாலோர் கணினியொன்றைக் கட்டிப் பழகாத இளைஞர். முதலில் சிறு மாதிரிப் பொறி ஒன்றைச் செய்து பார்த்தனர். அது 1956ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கிற்று. அந்தத் துணிவில் முழுப் பொறியைத் தொடங்கினர். 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அது முறைப்படி பணிக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நிறுவனத்தின் புதிய கட்டடத்தைத் திறந்து வைக்க வந்த பிரதமர் நேரு, அப்பொறிக்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

டிஃப்ராக்கின் உருவத்தை மனக்கண்ணில் காணுங்கள். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மானிய டையோடுகள், 12,500 மின்தடைகள். இரும்புக்கலவை வளையங்களால் ஆன நினைவகம் 2,048 சொற்களைத் தாங்கும். ஒவ்வொரு சொல்லும் 40 இலக்கங்கள் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் இன்றைய அளவில் வெறும் 10 கிலோபைட். நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக் காக்கவே அதைப்போல் சில நூறு மடங்கு இடம் வேண்டும். ஆனாலும் அப்பொறியை வைத்துக்கொண்டு நாட்டின் பல பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுக்கூடத்தாரும் அறுபதுகளின் இடைப்பகுதிவரை கணக்குப் போட்டனர்.

அக்கணக்கை அப்பொறிக்கு எப்படிச் சொன்னார்கள்? இங்கேதான் நம் கதையின் உயிர்நாடி இருக்கிறது. பொறிக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: மின்னோட்டம் உண்டு, இல்லை. அவற்றை 1 என்றும் 0 என்றும் எழுதினர். இரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமானால், இன்ன அறையிலுள்ள எண்ணை எடு, இன்ன அறையிலுள்ளதை அதனோடு கூட்டு, விடையை இன்ன அறையில் வை என்று மூன்று கட்டளை தரவேண்டும். ஒவ்வொரு கட்டளையும் வெறும் ஒன்றும் சுழியுமாக இருக்கும். ஓரிடத்தில் சுழிக்குப் பதில் ஒன்று விழுந்தால் விடை எங்கோ போய்விடும். பிழையைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போலாகும். மனிதன் பொறியின் மொழியைக் கற்று, பொறியைப்போலவே எண்ணப் பழகிய காலம் அது. இதனைப் பொறிமொழிக் காலம் என்பர்.

உண்மையொன்றையும் மறையாமல் சொல்ல வேண்டும். டிஃப்ராக் பணிக்கு வந்தபோதே உலகம் வெற்றிடக் குழலை விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்படியானால் அவ்வுழைப்பு வீணோ? அன்று. கட்டிப் பார்த்தவர்களுக்கே பொறியின் உள்ளும் புறமும் விளங்கும். அவ்விளக்கம் பெற்ற ஒரு தலைமுறையே டிஃப்ராக் தந்த பெருஞ்செல்வம்.

மேனிலை மொழி வந்த கதை

மனிதன் பொறியின் மொழியைக் கற்பதற்குப் பதில், பொறி மனிதனை நோக்கிச் சில படி ஏறி வரலாகாதா? இக்கேள்வியிலிருந்து பிறந்தவையே மேனிலை மொழிகள். அமெரிக்காவில் ஜான் பாக்கஸ் என்பாரும் அவர் குழுவினரும் 1957ஆம் ஆண்டு ஃபோர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டனர். அதில் நாம் பள்ளிக் கணக்கில் எழுதுவது போலவே, அ என்பது ஆவும் இயும் கூடியது என்று ஒரே வரியில் எழுதலாம். அவ்வரியைப் பொறிமொழியாக மாற்றித் தருவது தொகுப்பி என்னும் இன்னொரு நிரல். மேனிலை என்பது உயர்வு தாழ்வு பற்றிய சொல்லன்று. பொறியின் நுணுக்கங்களிலிருந்து விலகி, மனித எண்ணத்தின் அருகே நிற்பது என்பதே அதன் பொருள்.

1964ஆம் ஆண்டு டாடா நிறுவனத்துக்கு சி.டி.சி. 3600 என்னும் பெருங்கணினி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதனோடு ஃபோர்ட்ரானும் வந்தது. நாடெங்குமிருந்து ஆய்வாளரும் மாணவரும் துளையிட்ட அட்டைகளைக் கொலாபாவுக்கு அனுப்பினர். மாட்டுங்காப் பெரியவர் சுமந்து சென்ற பெட்டி அப்பெருவெள்ளத்தில் ஒரு துளி.

ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளில் நிரல் என்பது ஒரு சமையற் குறிப்புப் போன்றது: முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய். சிறு கணக்குக்கு அது போதும். ஆனால் நிரல் பல்லாயிரம் வரிகளாக நீளும்போது தொல்லை தொடங்கும். நிரலின் எந்த மூலையிலிருந்தும் எந்த எண்ணையும் தொட்டு மாற்றலாம் என்றால், யார் மாற்றினார் என்பதே தெரியாது போகும். பொதுக் கிணற்றில் யார் கல்லைப் போட்டார் என்று கண்டுபிடிப்பதைப் போன்றதே அது.

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நீகார்ட் என்னும் இருவர் இத்தொல்லைக்கு ஒரு வழி கண்டனர். அவர்கள் வேண்டியது உலக நடப்பைப் பொறிக்குள் நடத்திக் காட்டுவது. சுங்கச்சாவடியில் லாரியும் பஸ்ஸும் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் நகர்கிறது. இதை ஒரே சமையற் குறிப்பாக எழுத முயல்வதை விட, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனிப் பொருளாகவே நிரலுக்குள் படைத்துவிட்டால் என்ன? இவ்வெண்ணத்தில் அவர்கள் 1967ஆம் ஆண்டு உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியே பொருள்நோக்கு மொழிகளுக்குத் தாய். அதன் வழிவந்தவை எழுபதுகளில் ஆலன் கே குழுவினர் ஆக்கிய ஸ்மால்டாக், 1985இல் வெளிவந்த சி++, 1991இல் வந்த பைத்தான், 1995இல் வந்த ஜாவா முதலியன.

அம்மாவின் கணக்கு

பயிற்சி வகுப்பில் எனக்கு விளங்காத சொற்கள் இவையே. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் அவற்றுக்கு நல்ல தமிழ்ச் சொற்கள் இருப்பதைப் பின்னர்தான் கண்டேன்: இனக்குழு, பொருள், உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம். சொல் தமிழானதும் பாதி அச்சம் போயிற்று. மறுபாதி போனது என் வீட்டு வாசலில்.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் காலையில் இட்லி எடுத்துச் சென்று தெருத்தெருவாக விற்கிறார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் நால்வர் கணக்கையும் ஒருநாளும் தவறாமல் முடிப்பார். எப்படி என்று அன்றுதான் கூர்ந்து பார்த்தேன்.

வியாபாரி என்றால் யார் என்பது அம்மாவுக்குத் தெரியும்: கையில் இத்தனை இட்லி, மடியில் இத்தனை காசு உடையவர், விற்பார், மிச்சம் சொல்வார், கணக்கு முடிப்பார். இப்பொது இலக்கணமே இனக்குழு. அந்த இலக்கணத்துக்கு உட்பட்ட நால்வரும் நான்கு பொருள்கள். இலக்கணம் ஒன்றேயாயினும் ஒவ்வொருவர் பாத்திரமும் வேறு, காசும் வேறு. மாஹிம் பக்கம் போனவரிடம் இட்லி குறைந்தால் சயான் பக்கம் போனவரிடம் குறையாது.

அம்மா ஒருவர் மடியிலும் கையை விடுவதில்லை. மிச்சம் எத்தனை என்று கேட்பார்; அவரே எண்ணிச் சொல்வார். தன் காசைத் தானே முடிந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும் இவ்வொழுங்கே உறைபொதியாக்கம். கணக்கில் பிழை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும். பொதுக் கிணற்றுத் தொல்லை இங்கே இல்லை.

சென்ற தீபாவளிக்குப் பிறகு நால்வருள் ஒருவர் தேநீரும் விற்கத் தொடங்கினார். அவருக்காக அம்மா புதிய இலக்கணம் வகுக்கவில்லை. அவரும் வியாபாரியே, விற்பதும் கணக்கு முடிப்பதும் முன்போலவே. கூடுதலாகத் தேநீர்க் குவளை ஒன்று உண்டு, அவ்வளவே. பழைய இனக்குழுவின் பண்புகளை அப்படியே பெற்று, புதியன சிலவற்றைச் சேர்த்துக்கொள்வது மரபுரிமம். மாலையில் கணக்குச் சொல்லுங்கள் என்று அம்மா எல்லார்க்கும் பொதுவாக ஒரே கட்டளை இடுவார். மூவர் இட்லியை எண்ணுவர்; நான்காமவர் இட்லியோடு குவளையையும் எண்ணுவார். கட்டளை ஒன்று, நிறைவேற்றும் முறை அவரவர்க்கு ஏற்ப வேறு. இது பல்லுருவாக்கம்.

வகுப்பில் நான் கற்க முடியாததை அம்மா நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்! அன்றிரவே இந்நால்வரையும் பைத்தான் மொழியில் எழுதி ஓடவிட்டேன். விடை சரியாக வந்தது. எனக்குக் கண்ணில் நீரும் வந்தது.

இம்மொழிகளின் பயன் இட்லிக் கணக்கோடு நிற்பதன்று. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, கைப்பேசித் திரையில் தோன்றும் பொத்தான்கள், கணினி விளையாட்டு ஆகிய பலவும் பொருள்களாகவே எழுதப்படுகின்றன. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள் மோதல்களை ஆராயப் பயன்படும் பெருநிரல்கள் சி++ மொழியில் அமைந்தவை, அங்குள்ள சி.எம்.எஸ். சோதனையில் நம் டாடா நிறுவனமும் பங்கு பெற்றிருக்கிறது. ஆயினும் எல்லாக் கணக்குக்கும் இம்முறை வேண்டுவதில்லை. பத்து வரியில் முடியும் கணக்குக்கு இனக்குழு வகுப்பது கொசுவை அடிக்கக் கோடரி தேடுவதாகும். மரபுரிமத்தை அளவின்றி அடுக்கினால் மூலப்பொருளில் செய்யும் சிறு மாற்றமும் பேரன் கொள்ளுப்பேரன் வரை கலகம் விளைக்கும். கருவி எதுவாயினும் அளவறிந்து ஆளவேண்டும்.

எழுத்தின் காலம்

இனி மீண்டும் நரசிம்மனிடம் வருவோம். பொருள்நோக்கு மொழியை அவர் படைத்தாரில்லை. படைத்ததாகச் சொல்வது அவருக்குப் பெருமையும் ஆகாது. ஆனால் அதே அறுபதுகளில், வேறொரு வாயில் வழியாக, அதற்கு அண்டைப் புலம் ஒன்றில் அவர் உழுதுகொண்டிருந்தார்.

1961 முதல் 1964 வரை அவர் அமெரிக்காவில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுக்கூடத்தில் வருகை ஆய்வாளராக இருந்தார். அணுத்துகள்கள் குமிழிக் கலத்தினூடே பாயும்போது விட்டுச் செல்லும் தடங்களை அக்காலத்தில் படமெடுத்தனர். படங்களோ ஏராளம். மனிதக் கண் பார்த்துச் சலிக்கும் அப்பணியைக் கணினியே செய்யலாகாதா என்பது கேள்வி. ஒரு படத்தைக் கண்டதும், இது இந்தக் கூடை, அது அந்தக் கூடை என்று பிரித்துப் போடுவதே அன்று பலர் கையாண்ட முறை. நரசிம்மன் அது போதாது என்றார். படத்தின் உறுப்புகள் யாவை, அவை எங்கே எவ்வாறு கூடுகின்றன என்று விளக்கிச் சொல்ல முடிந்தால்தான் அதை அறிந்ததாகும் என்பது அவர் கொள்கை. வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று காட்டினார். வடிவங்களை இலக்கண முறையால் அறியும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் அவரைப் போற்றுவது இதற்காகவே.

நம் எழுத்தைக் கொண்டே இதை விளக்கலாம். ட என்பது என்ன? ஒரு நிமிர்ந்த கோடு. அதன் அடியில் தொடங்கி வலப்பக்கம் செல்லும் ஒரு கிடைக்கோடு. அக்கிடைக்கோட்டின் மறுமுனையில் இன்னொரு நிமிர்ந்த கோட்டை நிறுத்துங்கள், ப கிடைக்கிறது. இவ்வாறு உறுப்பும் உறவும் சொல்லிவிட்டால், பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும் எழுத்தை இனங்காணலாம். அவ்விலக்கணத்தைக் கொண்டே புதிதாக எழுதவும் செய்யலாம். கையால் எழுதும் ஆங்கில எழுத்துகளைப் பொறியைக் கொண்டு ஆக்கவும் அறியவும் நரசிம்மன் குழுவினர் பம்பாயில் செய்த ஆய்வு இவ்வகைப்பட்டது. டவுக்கு ஒரு கோடு கூட்டிப் ப ஆக்குவதும், இட்லி வியாபாரிக்குக் குவளை கூட்டித் தேநீர் வியாபாரி ஆக்குவதும் என் சிறு அறிவுக்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத் தோன்றுகின்றன. 1967ஆம் ஆண்டிலேயே, நிரல் மொழிகளையும் கணினிகளையும் ஒரே கொள்கையின்கீழ் வைத்து ஆராயும் நீண்ட கட்டுரையொன்றையும் அவர் வெளியிட்டார்.

நிறுவிய கைகள்

அறிஞர் சிலர் தம் ஆய்வோடு அமைவர். நரசிம்மன் தமக்குப்பின் வருவோர்க்கு வீடு கட்டியும் வைத்தார். 1965ஆம் ஆண்டு தோன்றிய இந்தியக் கணினிக் கழகத்தின் முதல் தலைவர் அவரே. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் தொடங்கிய மென்பொருள் வளர்ச்சிக்கான தேசிய மையம் அவர் தலைமையில் டாடா நிறுவனத்தில் உருப்பெற்றது. அதுவே 1985இல் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாகி, ஜுஹுவில் பல்லாயிரம் இளைஞர்க்குக் கணினி கற்பித்தது. கணினிப் பராமரிப்புக்கென அரசு அமைத்த சி.எம்.சி. நிறுவனத்தின் முதல் தலைவராகவும் அவர் இருந்தார். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

பேச்சின் காலம்

இத்தனை புகழுக்குப் பின் ஒருவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் எண்ணில் தொடங்கி எழுத்துக்குச் சென்ற அவர் உள்ளம் பேச்சின்பால் திரும்பிற்று. மனிதன் மொழியை எவ்வாறு பெறுகிறான்? பொறிக்கு நாம் இலக்கணத்தை எழுதிக் கொடுக்கிறோம். குழந்தைக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்? 1981ஆம் ஆண்டு மொழி நடத்தை பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1998இலும் அத்துறையில் இன்னொரு நூல் தந்தார்.

இதற்காக அவர் செய்த ஒரு பணியைப் படித்தபோதுதான் நான் நூலக நாற்காலியில் சிலையாக அமர்ந்துவிட்டேன். அவரும் வைத்தியநாதன் என்னும் ஆய்வாளரும் தமிழ் பேசும் வீடு ஒன்றில், ஒரு சிறு குழந்தையும் பெரியவர்களும் பேசிக்கொள்வதைப் பல மாதங்கள் பதிவு செய்து எழுத்தில் ஆக்கினர். மழலை பேசத் தொடங்குமுன்னிருந்து வாக்கியம் அமைக்கும் பருவம்வரை அப்பதிவு நீள்கிறது. உலகெங்கும் உள்ள குழந்தைகளின் பேச்சைத் தொகுத்து வைத்திருக்கும் சைல்டெஸ் என்னும் பன்னாட்டுத் தரவகத்தில், தமிழ்ப் பகுதியில், நரசிம்மன் பெயராலேயே அது இன்றும் இருக்கிறது. எந்த நாட்டு ஆய்வாளரும் அதைத் திறந்து, ஒரு தமிழ்க் குழந்தை கேட்டுக் கேட்டு மொழி பெறும் விந்தையைக் காணலாம்.

நண்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் சுழியும் கொண்டு பொறியோடு பேசத் தொடங்கிய ஒருவர், வாழ்நாளின் முடிவில் வந்து நின்ற இடம் எது? தாயும் சேயும் தமிழில் பேசும் ஒரு வீட்டின் நடுக்கூடம்! கணினி அறிவுக்கு நம் மொழி தடையென்று நான் கருதிக் கிடந்தேன். கணினி அறிஞரோ நம் மொழியையே ஆய்வுக்கூடமாகக் கொண்டிருந்தார். 2004ஆம் ஆண்டு அவர் எழுத்தறிவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மேலைநாட்டார், இந்தியர் ஆகிய இருசாராரின் எழுத்தறிவு அனுபவங்களையும் ஒப்பிட்டு ஆராய்வது அது. எழுத்தறியாத என் அன்னையின் கணக்கைக் கண்டபின் அந்நூலின் பெயரைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு ஒருமுறை நின்று செல்கிறது.

2007ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பேராசிரியர் நரசிம்மன் மறைந்தார். அகவை எண்பத்தொன்று.

முடிவாகச் சில

நான் படிப்பை விடவில்லை. நிரலாக்கத் தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய்யாகும். தேறினேன், நடுத்தர மதிப்பெண்ணே பெற்றேன். ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிறது. அதையும் கற்றே தீரவேண்டும், ஏனெனில் இத்துறையின் நூல்களிற் பெரும்பாலன அம்மொழியில்தான் உள்ளன. ஆனால் விளங்காத ஒன்றை இப்போது நான் முதலில் தமிழில் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் எனக்கு விளங்கிற்று என்று அறிகிறேன். முடியாவிடில் மீண்டும் படிக்கிறேன்.

ஞாயிறுதோறும் காலையில் தாராவியிலுள்ள எங்கள் சந்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேருக்குத் தமிழில் நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கிறேன். இருப்பது ஒரே பழைய மடிக்கணினி. முறை வைத்துத் தட்டுகிறோம். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்து மன்ற நண்பர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் தருவார்களானால் இன்னும் சில பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கணினி நம்மவர்க்கு உரியதன்று என்று நான் எண்ணியதுபோல் அவர்களுள் ஒருவரும் எண்ணலாகாது.

மாட்டுங்காப் பெரியவர் அந்தத் துளையிட்ட அட்டையை எனக்கே கொடுத்துவிட்டார். அதில் எந்தக் கணக்கின் எந்த வரி இருக்கிறதோ, இருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. என் ஏட்டினுள் அடையாளமாக அதை வைத்திருக்கிறேன்.